நூற்று இருபத்தாறு கிலோமீட்டர் அதிகம்

செருப்பை அங்கேயே விட்டுவிடுங்கள் அம்மிணி. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வண்டிக்குள்தான் கூடாது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் அரை அங்குலம் குட்டை. இதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். வண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினால்தான் எனக்குப் பேச்சு வரும். புது ஆள் முகத்தைப் பார்த்தால் வராது. தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் ஷோரூமிலிருந்து ஐந்து தடவை போன் செய்தார்கள். "வண்டி திருப்தியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். ஐந்து தடவையும் "இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறாவது தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "ஒரு குறை இருக்குதுங்க" என்றேன். அதற்குத்தான் வேலைக்குப் போகிற வழியில் உங்களை இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் காலை ஏழு மணிக்கே வருவீர்கள் என்று நினைக்கவில்லை. ஏழு மணிக்கு நான் டீக் கடைக்குப் போய்விடுவேன். போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம், பேப்பருக்கு ஒரு மணி நேரம். எட்டு பத்துக்கு வீட்டில் இருப்பேன். இன்றைக்குத்தான் தப்பியது.

கேளுங்கள். படிவத்தில் முதல் கேள்வி, வண்டி ஓட்டுபவர் பெயரா? சென்னியப்பன். வயது அறுபத்து மூன்று, நான்கு மாதம். படிப்பு ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சை வரைக்கும். அதனால் ஆறரை என்று போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் அரை போட முடியாதா? அப்படியானால் ஆறு என்று போடுங்கள். இல்லாததைச் சொல்லக் கூடாது.

தொழில், தேங்காய் எண்ணுவது. சிரிக்காதீர்கள். உடுமலைப் பக்கத்தில் ஒரே மண்டியில் முப்பத்தொன்பது வருஷம் எண்ணினேன். ஒரு கைக்கு இரண்டு காய், இரண்டு கைக்கு நான்கு. ஒரு வீச்சுக்கு நான்கு. பக்கத்தில் வெட்டுக் குத்து நடந்தாலும் எண்ணிக்கை தப்பாது. பெண் வீட்டார் என்னைப் பார்க்க மண்டிக்கே வந்து நின்றார்கள். நான் நானூற்று நாற்பதை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். "மாப்பிள்ளை நிதானம்" என்று சொல்லிக்கொண்டு போனார்களாம்.

போன தையில் மண்டி முதலாளி, "எண்ணுனது போதும் சென்னியப்பா, முதுகு வளஞ்சு போச்சு. ஒரு சின்ன லோடு வண்டி வாங்கு. தோப்புத் தோப்பாப் போயி காய் ஏத்திட்டு வா" என்றார். வாங்கினேன். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.

வண்டியைப் பற்றிக் குறையாகச் சொல்ல மனது வரவில்லை. சத்தம் இல்லை. நாற்பதுக்கு மேல் நான் போனது கிடையாது. இதுவரை என்னை முந்திப் போனவை ஆயிரத்து நானூற்று எட்டு வண்டி. நான் முந்தியவை நான்கு. ஒரு ரோடு ரோலர், ஒரு கரும்பு டிராக்டர், இரண்டு எருமை. எருமையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கே சந்தேகம். ஹாரன் எப்படி என்று கேட்டால் தெரியாது. அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அதனால் அடிப்பதில்லை. ஐந்தாவது கியர் இன்னும் கை படாமல் புதிதாக இருக்கிறது. சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையையும் பிரிக்கவில்லை. வெயிலில் தொடையில் ஒட்டும். ஒட்டட்டும்.

மயிலாத்தா! அம்மிணிக்கு டீ கொண்டா. என் வீட்டுக்காரி. பேர் மயிலாத்தாள். ஆறு ஆடு வைத்திருக்கிறாள். கத்துகின்றன பாருங்கள். தினமும் இப்படிக் கத்தாது. இன்றைக்கு என்னவோ.

ஆட்டைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. வண்டி வந்த மூன்றாம் நாள் இவள் கேட்டாள், "ஏனுங், தங்கச்சி தோட்டத்துல அகத்தி நிறைய நிக்குது. வண்டியில போயி ரண்டு கட்டு எடுத்துட்டு வரலாமுங்களா?" இந்த வருஷம் மழை இல்லை, ஊரில் மேய்ச்சல் இல்லை, எல்லார் வீட்டு ஆடும் விலா எலும்போடு நிற்கிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். புது வண்டியில் முதல் லோடு எண்ணக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். அகத்தியை எப்படி எண்ணுவது? கட்டு என்று எண்ணினால் ஒரு கட்டு பெரிசு, ஒரு கட்டு சிறிசு. இலை என்று எண்ணினால் என்னைக் கட்டிப் போடுவார்கள். அதோடு பச்சைக் கறை. அதோடு அது என் சகலை மாரப்பன் தோட்டம். அவனோடு எனக்குப் பேச்சு இல்லை, பதினோரு வருஷமாக.

"அப்ப நானே எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் கத்தவில்லை. "பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியுமா புள்ளே உனக்கு?" என்று மட்டும் கேட்டேன். இவள் அப்பன் வீட்டில் டிராக்டர் இருந்தது. கரும்போடு டிரெய்லரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் ஆலைக்குள் விட்டவள் என் மகள் என்று என் மாமியார் சொல்வார். பெண் கொடுக்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

ஆனால் கெட்டிக்காரி. அதற்குப் பிறகு வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தழை எங்கேயிருந்தோ வந்துவிடுகிறது. கேட்டால், "தங்கச்சி குடுத்து உடறா" என்கிறாள். பஸ்ஸில் போட்டு அனுப்புவாள்போல. ஊரில் எல்லார் ஆடும் இளைத்துக் கிடக்க, எங்கள் ஆறும் மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. பாருங்கள் அந்தக் கிடாயை.

குறைக்கு வருகிறேன். ஒரு குறை இல்லை, இரண்டு. முதல் குறை, வண்டி பின்னால் வர மாட்டேன் என்கிறது.

கியர் விழுகிறது. கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வலது பக்கம் ஒடித்தால் பின்பக்கம் இடது பக்கம் போகிறது. இதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை. லைசென்ஸ் வாங்கப் போனபோது, பின்னால் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டிய நேரத்தில் சோதிக்க வந்தவருக்குப் போன் வந்துவிட்டது. நான் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இந்த கேட் எட்டடி இரண்டு அங்குலம். வண்டி, கண்ணாடியோடு சேர்த்து ஆறடி ஆறு அங்குலம். பக்கத்துக்குப் பத்து அங்குலம் மிச்சம். முதல் நாள் முன்பக்கமாக உள்ளே விட்டேன். அடுத்த நாளிலிருந்து வெளியே எடுக்க இருபத்து மூன்று தடவை முயற்சி செய்தேன். ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு இடி. சுவரில் ஒன்று. மண்டியில் ஒரு டிரைவரை ஒரு தடவை கூப்பிட்டேன். வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டான். "சென்னியண்ணன் வண்டி ரயிலாட்டமுங்க. முன்னாடி மட்டுந்தான் போவும்" என்று. மறுபடி கூப்பிட வெட்கம்.

ஆளிடம் கேட்க வெட்கமாக இருந்தால் சாமியிடம் கேட்க வேண்டியதுதான். வண்டிக் கண்ணாடியில் படம் ஒட்டியிருக்கிறது பாருங்கள், எங்கள் முனியப்பன். நான் பெரிய பக்திமான் இல்லை. பொங்கலுக்குப் போய் நிற்பேன், பூசாரி மூக்கால் பேசுவதைக் கேட்பேன், வருவேன். அன்றைக்கு மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்து, "முனியப்பா, உனக்கு ஒரு சுருட்டு. வண்டியைத் திருப்பிக் கொடு" என்று வேண்டி, ஸ்டியரிங் முன்னால் ஒரு சுருட்டை வைத்தேன். மறுநாள் காலை டீக் கடைக்குப் போய்விட்டு எட்டு பத்துக்கு வருகிறேன். வண்டி ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது!

நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. சுருட்டைத் தேடினேன், இல்லை. சாம்பல்கூட இல்லை. மயிலாத்தாளைக் கேட்டேன். "சாமி காரியத்துல நம்மளுக்கு என்னங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தழையைப் போடப் போய்விட்டாள். பயந்துவிட்டாள், பாவம்.

அதிலிருந்து இதே பழக்கம். வெளியே போய்விட்டு வருவேன், முன்பக்கமாக உள்ளே விடுவேன், ஒரு சுருட்டு வைப்பேன். மறுநாள் டீ குடித்துவிட்டு வந்தால் திரும்பி நிற்கும். மொத்தம் ஒன்பது தடவை, ஒன்பது சுருட்டு. ஒரு தடவை ஒளிந்திருந்து பார்க்கலாம் என்று டீக் கடைக்குப் போகாமல் வாசல் திண்டில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வண்டி அசையவே இல்லை. முனியப்பனுக்கும் என்னைப் போல ஆள் இருந்தால் கூச்சம்போல.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். என்ன அம்மிணி, அவள் தலையில் இருக்கிற கனகாம்பரத்தையே பார்க்கிறீர்கள்? டீ ஆறிவிடும். பூ என்றதும் சொல்ல மறந்துவிட்டேன். முனியப்பன் படத்துக்கு நான் வைப்பது அரளி. ஆனால் வண்டிக்குள் உதிர்ந்து கிடப்பது கனகாம்பரம். சாமி பூவை மாற்ற மனுஷனுக்குத் தைரியம் வராது. அவரே மாற்றிக்கொண்டால்தான் உண்டு. ஆள் குட்டையாக இருப்பார் என்று தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் சீட்டை மூன்று பல் முன்னால் இழுத்துவிட்டுப் போகிறார். நடுக் கண்ணாடியையும் கீழே இறக்கிவிடுகிறார். கோயிலில் பதினெட்டு அடிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எல்லாம் சிமென்ட் செலவு.

பிறகு பனி. ஒன்பது நாளும், பின்னால் லோடு ஏற்றுகிற இடம் மட்டும் நனைந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை. இப்படி இடம் பார்த்துப் பெய்கிற பனியை நான் கண்டதில்லை.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். இதுதான் பெரிய குறை. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருக்கும்போதே வண்டியின் மீட்டர் ஓடுகிறது.

இதோ நோட்டு. வண்டியைக் கொடுக்கும்போது மீட்டரில் பத்தொன்பது. நான் ஓட்டியது இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கூட்டினால் முந்நூற்றுப் பதினொன்று. மீட்டரில் இருப்பது நானூற்று முப்பத்தேழு. நூற்று இருபத்தாறு கிலோமீட்டர் அதிகம். முனியப்பன் திருப்பினார், சரி. வாசலில் வண்டியைத் திருப்ப நூற்று இருபத்தாறு கிலோமீட்டரா? ஒவ்வொரு தடவையும் சரியாகப் பதினான்கு ஏறுகிறது. போக ஏழு, வர ஏழு என்று வைத்தாலும் ஏழு கிலோமீட்டரில் முனியப்பனுக்கு என்ன வேலை? கோயில் வடக்கே மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழில் இருப்பது என் சகலை தோட்டம் ஒன்றுதான். சாமி அங்கே போக மாட்டார். அவனுக்கு அந்த யோக்கியதை இல்லை. போன வாரம் சந்தையில் என்னைப் பார்த்து, "அண்ணா, சுருட்டு நல்ல சுருட்டுங்க" என்று கும்பிட்டான். பதினோரு வருஷம் கழித்துப் பேசுகிற பேச்சா இது? குடித்திருந்தான்போல.

எதற்குச் சிரிக்கிறீர்கள்? இருமலா? தண்ணீர் குடியுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். எண்ணிக்கை தப்புகிற பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வண்டி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

இல்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சரி, இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை முதல் லோடு, ஆயிரம் காய். மண்டி மேடையை ஒட்டி வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதுவரை ஒரு மண்டலம் விரதம் என்று சொல்லித் தள்ளினேன். நாற்பத்தெட்டு நாளும் முடிந்து நான்கு நாள் கூடுதலாகிவிட்டது. முதலாளி நேற்று, "விரதமெல்லாம் முடிஞ்சுதா? திங்கக்கெழமையும் வரலீன்னா வேற வண்டிக்குச் சொல்லிடறன்" என்றுவிட்டார். முப்பத்தொன்பது வருஷம் பேர் சொல்லும்படி இருந்த இடம். அங்கே அத்தனை பேர் கைகட்டி நின்று பார்ப்பார்கள். முனியப்பனோ ஆள் இருந்தால் வர மாட்டார். மீட்டர் பழுது, கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றால் மரியாதையாக இருக்கும். புரிகிறதா அம்மிணி? இதை எழுத வேண்டாம்.

மீட்டரைச் சரிபார்க்கப் பத்து நாள் ஆகுமா? ஆகட்டும். இன்றைக்கே ஷோரூமில் கொண்டுவந்து விட வேண்டுமா? நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். ஸ்கூட்டி மட்டும்தான் தெரியுமா? அடடா. நேற்றுச் சாயங்காலம்தான் முன்பக்கமாக உள்ளே விட்டேன். சுருட்டும் வைத்தேன், அதோ இருக்கிறது. நீங்கள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டதால் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் டீக் கடை வரைக்கும் போய்விட்டு வந்தால்...

என்ன மயிலாத்தா? "பத்து நாளா? பத்து நாளைக்கு ஆடு எதைத் திங்கும்?" என்றால் என்ன அர்த்தம்? ஆட்டுக்கும் வண்டிக்கும் என்ன புள்ளே சம்பந்தம்? பெரியவர்கள் பேசும்போது... சாவியை எதற்கு எடுக்கிறாய்? ஏம்புள்ளே, செருப்போடு ஏறுகிறாயே! செருப்பு! அம்மிணி, நீங்கள் எழுந்து ஓரமாக வாருங்கள். தொட்டி இருக்கிறது புள்ளே, தொட்டி! சுவர்!

...

பார்த்தீர்களா?

நீங்களும் பார்த்தீர்கள் அல்லவா? கழுத்தைக்கூட முழுசாகத் திருப்பவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. இந்தப் பக்கம் பத்து அங்குலம், அந்தப் பக்கம் பத்து அங்குலம். நான் இங்கேயிருந்தே அளந்துவிட்டேன். எத்தனை தடவையில்? ஒன்று. ஒரே எடுப்பு. இருபத்து மூன்று எங்கே, ஒன்று எங்கே.

அம்மிணி, கொஞ்சம் இருங்கள். நான் உட்கார வேண்டும். பரவாயில்லை, அந்தக் குட்டைக் கால் நாற்காலியே போதும்.

பதினான்கு. போக ஏழு, வர ஏழு. ஒன்பது தடவை.

முனியப்பன் இவள் மேல் இறங்கி ஓட்டுகிறார் என்று எழுத முடியுமா? முடியாதா? சும்மா கேட்டேன்.

என்ன சொல்கிறாள்? எனக்குக் காது அடைத்துவிட்டது. நீங்கள் கேட்டீர்களா? "முனியப்பனுக்குச் சுருட்டெல்லாம் வேண்டாமாமுங்க. அது தங்கச்சி ஊட்டுக்காரருக்குத்தான் போவுது. அகத்தி வெட்டோணும், அருவாள எடுத்துட்டு வந்து ஏறச் சொல்லுது சாமி." இப்படியா சொன்னாள்? ஊர் கேட்கச் சொல்கிறாள் பாருங்கள். முப்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

உங்களைப் பார்த்து என்னவோ சொல்கிறாளே? "அஞ்சாவது கியருதான் அம்மிணி இந்த வண்டிக்கே அழகு, அதையும் எழுதிக்கோங்க." எழுதுங்கள். எழுதித் தொலையுங்கள்.

திங்கட்கிழமை? கேட்டுவிட்டேனே, நானே கேட்டுவிட்டேன். என்ன பதில் சொல்கிறாள்? "காயி நீங்க எண்ணுங்க, பின்னால நான் எடுக்கறன். டிராக்டரு டிரெய்லரையே தள்ளுனவளுக்கு மண்டி மேடை ஒரு மேடையா?" சரி. அங்கே அத்தனை பேரும் கைகட்டி நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்களில் ஒருவன்கூட ஒரே எடுப்பில் விட்டதில்லை. எனக்குத் தெரியும், அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

லைசென்ஸா? இருக்கிறதா புள்ளே? இருக்கிறதாம். போன வருஷமே தங்கச்சியோடு போய் வாங்கிவிட்டாளாம். வண்டி வருவதற்கு முன்னாலேயே. நான் கேட்கவே இல்லையாம். கேட்கவில்லைதான்.

ஹாரன் அடிக்கிறாள். ஒன்று. இரண்டு. அடிக்காதே புள்ளே, வந்துவிட்டேன். நல்ல சத்தம்தான் வருகிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூலையில் அரிவாள் இருக்கும், அதை எடுங்கள். செருப்பு எங்கே என்னுடையது? போட்டுக்கொண்டே ஏறலாமா தெரியவில்லை. அவளைக் கேட்க வேண்டும்.

போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள். அந்த மீட்டர் குறையை அடித்துவிடுங்கள். மீட்டர் சரியாக இருக்கிறது. என் நோட்டும் சரியாகத்தான் இருக்கிறது. பின்னால் வராது என்ற குறையையும் அடியுங்கள். அப்புறம் முதல் கேள்விக்குப் போங்கள். ஓட்டுபவர் பெயர். அங்கே மயிலாத்தாள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறதா?

அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் அம்மிணி. இல்லாததைச் சொல்லக் கூடாது.